ஓஃப்-லைசன்ஸ் கடையும் மினிகாப் பேட்ஜும்: கவுன்சில் எதைப் பார்க்கிறது

இங்கிலாந்தில் நம்மவர்கள் மது விற்கும் கடையைப் புதிதாகத் திறப்பது குறைவு. நடக்கிற கடையைத்தான் வாங்குகிறார்கள். வாரத்துக்கு எவ்வளவு வியாபாரம், லீஸ் இன்னும் எத்தனை வருடம், வாடகை எப்போது ஏறும், ஸ்டொக் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், லைசன்ஸ் என்று வரும்போது "இருக்கா?", "இருக்கு" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். சுவரில் தொங்கும் தாள் லைசன்ஸின் சுருக்கம்தான். கடையை இழக்க வைக்கும் விஷயங்கள் முழு லைசன்ஸின் பின்பக்கங்களில் இருக்கின்றன.

2003ஆம் ஆண்டின் லைசன்ஸிங் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறு சட்டங்கள். இந்தச் சட்டப்படி மது விற்கும் உரிமை கட்டடத்தோடு ஒட்டியது. கடை கைமாறினால் முந்தியவர் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளும் சேர்ந்தே கைமாறும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே முழு லைசன்ஸின் பிரதியைக் கேளுங்கள். விற்பவர் இழுத்தடித்தால் கடை இருக்கும் இடத்து உள்ளூர்க் கவுன்சிலின் லைசன்ஸ் பதிவேட்டைப் பாருங்கள். அது எவரும் பார்க்கக்கூடிய ஆவணம்.

பின்பக்கங்களில் வழக்கமாக நான்கு இணைப்புகள் இருக்கும். முதலாவது எல்லாக் கடைக்கும் பொதுவான கட்டாய நிபந்தனைகள். இரண்டாவது, விண்ணப்பித்தவர் தானே எழுதிக் கொடுத்த வாக்குறுதிகள். மூன்றாவது, கவுன்சில் உபகுழுவின் விசாரணைக்குப் பிறகு சேர்த்தவை. நான்காவது கடையின் வரைபடம். மூன்றாவது இணைப்பு நீளமாக இருந்தால், அந்தக் கடை ஒருமுறையாவது ஆட்சேபனையைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். ஏன் என்று கவுன்சிலிடம் கேளுங்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு கடைக்குள் நடந்து பாருங்கள். மது வைக்கும் தட்டுகள் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தால், பின்னறை கடையோடு சேர்க்கப்பட்டிருந்தால், சிறு மாற்றத்துக்கான விண்ணப்பம் தேவைப்படும். கட்டணம் 89 பவுண். 10 வேலைநாள் கடை வாசலில் வெள்ளைத்தாளில் அறிவித்தல் தொங்க வேண்டும். மது விற்கும் நேரத்தைக் கூட்ட இந்த வழி உதவாது. அதற்கு முழு விண்ணப்பம், 28 நாள் நீலத்தாள் அறிவித்தல், பத்திரிகை விளம்பரம் எல்லாம் வேண்டும்.

எங்கள் பார்வையில் மிகப் பெரிய அபாயம் அந்த இரண்டாவது இணைப்புத்தான். விண்ணப்பம் எழுதித் தரும் ஏஜென்டுகள் பலர் ஒரே படிவத்தைக் கடைக்குக் கடை ஒட்டுகிறார்கள். பொலிஸ் ஆட்சேபிக்கக் கூடாது என்பதற்காக இருபது, இருபத்தைந்து நிபந்தனைகளைத் தாங்களாகவே அள்ளி எழுதிவிடுவார்கள். "தனிநபர் லைசன்ஸ் உள்ள ஒருவர் எந்நேரமும் கடையில் இருப்பார்" என்ற ஒரு வரி போதும். கணவனும் மனைவியும் மாறி மாறி நிற்கும் கடையில், பரீட்சை எழுதித் தன் பெயரில் எடுக்கும் அந்த லைசன்ஸ் ஒருவருக்குத்தான் இருக்கும். மற்றவர் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நிபந்தனை மீறல். சட்டத்தில் நிபந்தனையை மீறி விற்பதும் லைசன்ஸே இல்லாமல் விற்பதும் ஒரே பிரிவில் வரும் குற்றங்கள்: வரம்பற்ற தண்டப்பணம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களால் காப்பாற்ற முடியாத வரி இருந்தால், கடையை வாங்கிய கையோடு அதை மாற்ற விண்ணப்பியுங்கள். பிடிபட்ட பிறகு மாற்றக் கேட்டால் அது வேறு தொனியில் கேட்கும்.

கைமாற்றும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 23 பவுண். பழைய உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும். அதைக் கடைச் சாவி வாங்கும் அன்றே கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். பணம் முழுதும் கைக்குப் போன பின் பலரைப் பிடிக்கவே முடியாது. விண்ணப்பத்தில் "உடனடியாக அமலுக்கு வரவேண்டும்" என்ற கட்டத்தைக் குறிக்க மறக்காதீர்கள். கடைக்குப் பொறுப்பாகப் பெயர் எழுதப்படும் மேற்பார்வையாளரை மாற்றுவது தனி விண்ணப்பம், தனியாக 23 பவுண், அவருடைய சம்மதம் தனித் தாளில். இரண்டில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று இருப்பவர்கள் அதிகம். அப்போது லைசன்ஸில் புதிய முதலாளியின் பெயரும், கடையை விட்டுப் போன மேற்பார்வையாளரின் பெயரும் இருக்கும்.

அந்த மேற்பார்வையாளர் தனிநபர் லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் வகுப்பு, 40 கேள்விப் பரீட்சை, 28 சரியாக இருந்தால் சித்தி. பிறகு ஒரு மாதத்துக்கு உட்பட்ட அடிப்படைக் குற்றப்பதிவுச் சான்று, இரண்டு படங்கள், வேலை செய்யும் உரிமைக்கான ஆதாரம், 37 பவுண். விண்ணப்பம் நீங்கள் வசிக்கும் இடத்துக் கவுன்சிலுக்குப் போகும், கடை இருக்கும் கவுன்சிலுக்கு அல்ல. 2015க்குப் பிறகு இந்த லைசன்ஸுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் வீடு மாறினால் அதைக் கொடுத்த கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும்.

மேற்பார்வையாளர் எந்நேரமும் கடையில் நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அன்றாட நிர்வாகம் அவர் கையில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அவர் இரண்டு மாதம் யாழ்ப்பாணம் போய்விட்டு, கடையில் நிற்கும் பெடியனுக்கு "யார் பொறுப்பு?" என்று கேட்டால் தெரியாத நிலை வந்தால், பொலிஸ் அதை எழுதிக்கொள்ளும். நீண்ட பயணம் என்றால் வேறொருவரின் பெயரை மாற்றிவிட்டுப் போங்கள். குறுகிய பயணம் என்றால், யார் யார் மது விற்கலாம் என்று மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட தாள் டில்லுக்கு அருகில் இருக்கட்டும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், புதிய பெயருக்கு விண்ணப்பம் போகும்வரை ஒரு கான் கூட விற்கக் கூடாது.

லைசன்ஸ் சத்தமில்லாமல் செத்துப்போகும் வழி ஒன்று உண்டு. லைசன்ஸ் லிமிட்டெட் கம்பனி பெயரில் இருக்கும். கணக்காளர் ஆண்டு அறிக்கையைப் போடாமல் விட, கம்பனிப் பதிவகம் அந்தக் கம்பனியைப் பதிவிலிருந்து நீக்கிவிடும். கம்பனி கலைந்த நாளிலேயே லைசன்ஸும் காலாவதி. 28 நாளுக்குள் வேறொருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தால் மீட்கலாம். அந்த நாளும் தப்பினால் முதலிலிருந்து புது விண்ணப்பம், புது ஆட்சேபனைகள். உரிமையாளர் இறந்தாலும், கடனில் முறிந்தாலும் இதே 28 நாள் கணக்குத்தான். ஆகவே கம்பனிப் பதிவகத்தில் உங்கள் கம்பனியின் நிலையை நீங்களே அவ்வப்போது பாருங்கள். கணக்காளரிடம் மட்டும் விடாதீர்கள். ஆண்டுக் கட்டணமும் அப்படித்தான். கடையின் வரி மதிப்பைப் பொறுத்து 70 பவுணிலிருந்து 350 பவுண் வரை. சிறு கடைகள் பெரும்பாலும் 180 பவுண் வகுப்பில் வரும். கட்டாவிட்டால் கவுன்சில் லைசன்ஸை இடைநிறுத்தலாம். பில் பழைய முதலாளியின் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்ற காரணம் அப்போது அதிகம் உதவாது.

இனி அன்றாடம். அதிகாரி கடைக்கு வந்தால் முதலில் கேட்பது சிசிடிவி. பெரும்பாலான லைசன்ஸில் 31 நாள் பதிவு வைத்திருக்க வேண்டும், கேட்டவுடன் கொடுக்க வேண்டும் என்று இருக்கும். புதிதாக இரண்டு கமரா பூட்டினாலோ படத்தின் தெளிவைக் கூட்டினாலோ ஹார்ட் டிஸ்க் 18, 20 நாளிலேயே நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும், யாருக்கும் தெரியாது. மார்ச்சிலும் ஒக்டோபரிலும் மணி மாறும்போது இயந்திரத்தின் மணி மாறாமல் நின்றால், பதிவில் ஒரு மணி நேரப் பிழை. கடவுச்சொல் முதலாளிக்கு மட்டும் தெரியும், அவர் சரக்கு எடுக்க மொத்த வியாபாரக் கடைக்குப் போயிருப்பார். வாரத்துக்கு ஒருமுறை 31 நாளுக்கு முந்திய பதிவை ஓட்டிப் பாருங்கள், மணியைச் சரிபாருங்கள், நிற்கும் எல்லோருக்கும் யுஎஸ்பியில் பிரதி எடுக்கப் பழக்குங்கள். பார்த்த திகதியை ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்தக் கொப்பிதான் விசாரணையில் பேசும்.

அடுத்து ரெஃப்யூசல் புக். 18 வயதுக்கு உட்பட்டவருக்கோ வெறியில் வந்தவருக்கோ மறுத்தால் திகதி, நேரம், பொருள், ஆளின் தோற்றம், மறுத்தவர் பெயர் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை இரவில் பாடசாலைக்கு அருகில் திறந்திருக்கும் கடையில் மூன்று மாதம் வெற்றுப் பக்கம் என்றால், நீங்கள் யாரையும் மறுக்கவில்லை என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். ஒரே பேனையில் ஒரே நாளில் எழுதிய பதிவுகளும் பார்த்தவுடன் தெரியும். 25 வயதுக்குக் குறைவாகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்பது பரவலான நடைமுறை. அட்டையில் படம், பிறந்த திகதி, ஹொலோகிராம் அல்லது புறஊதா அடையாளம் இருக்க வேண்டும். டிரேடிங் ஸ்டான்டர்ட்ஸ் (கவுன்சிலின் வணிகக் கண்காணிப்புப் பிரிவு) அனுப்பும் பிள்ளைகள் சோதனைக்கு வருபவர்கள் என்று முகத்தில் எழுதியிருக்காது. பிடிபட்டால் டில்லில் நின்றவருக்கு அந்த இடத்திலேயே 90 பவுண் தண்டம் வரலாம். மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை நடந்தால் அது தொடர் விற்பனைக் குற்றம். வழக்குக்குப் பதிலாக 48 மணி முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்தும் அறிவித்தலை ஏற்கச் சொல்லலாம்.

மதுச்செறிவு 6.5 வீதத்துக்கு மேற்பட்ட பியர், சைடர் விற்கத் தடை, தனிக் கான் விற்கத் தடை என்ற நிபந்தனைகளையும் தேடிப் பாருங்கள். இப்ஸ்விச்சில் 2012இல் தொடங்கிய முயற்சியைப் பார்த்து பல நகரங்கள் கடுமையான பியரைக் குறைக்கச் சொல்லத் தொடங்கின. தள்ளுபடி விலையில் தருகிறோம் என்று வான்காரர் இறக்கிவிட்டுப் போகும் பெட்டியில்தான் இந்த மீறல் பெரும்பாலும் தொடங்குகிறது.

லைசன்ஸ் பறிபோகும் இரண்டு காரணங்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, வரி கட்டாத சிகரெட்டும் சாராயமும். இரண்டு, வேலை உரிமை இல்லாதவரை வேலைக்கு வைப்பது. உள்துறை அமைச்சின் வழிகாட்டல் இவற்றை முதல் தடவையிலேயே லைசன்ஸ் ரத்தைக் கருதத்தக்க குற்றங்களாக வைத்திருக்கிறது. 2024 பெப்ரவரி 13 முதல் சட்டவிரோதமாக வேலை செய்யும் ஒருவருக்கு 45,000 பவுண் வரை, மீண்டும் நடந்தால் 60,000 பவுண் வரை தண்டம். "சும்மா உதவிக்கு நிற்கிறார், சாப்பாடும் படுக்க இடமும் மட்டும்தான்" என்ற விளக்கம் எடுபடாது, அதுவும் வேலைதான். மாணவ விசாவில் பல்கலைக்கழகத்தில் படிப்பவருக்குப் பாடகாலத்தில் பொதுவாக வாரம் 20 மணி நேரம்; உங்கள் கடையில் 15, பெற்றோல் நிலையத்தில் 15 என்றால் வரம்பு தாண்டிவிட்டது. ஷெயர் கோடை (வேலை உரிமையைக் காட்ட அவர் அரசு இணையத்தில் எடுக்கும் குறியீடு) கேட்டு வாங்கி, வேலை கொடுப்பவருக்கான அரசு இணையப் பக்கத்தில் நீங்களே சரிபார்த்து, திகதியோடு அச்சிட்டு, அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் வரை வைத்திருங்கள். முதல் நாள் வேலை தொடங்குமுன் செய்ய வேண்டும். ஊர்க்காரர், சொந்தக்காரர் என்பதற்காக இந்தச் சோதனையை விட்டுவிடுவது அவருக்கும் நன்மை செய்வதாகாது.

தவறு நடந்தால் லைசன்ஸ் மறுஆய்வுக்கு பொலிஸ், டிரேடிங் ஸ்டான்டர்ட்ஸ், குடிவரவுத் துறை, அயல்வீட்டார் எவரும் விண்ணப்பிக்கலாம். 28 நாள் கருத்துக் கேட்பு, பிறகு 20 வேலைநாளுக்குள் மூன்று கவுன்சிலர்கள் முன் விசாரணை. அவர்கள் நிபந்தனை சேர்க்கலாம், மேற்பார்வையாளரை நீக்கலாம், 3 மாதம் வரை இடைநிறுத்தலாம், ரத்துச் செய்யலாம். அறிவித்தல் வந்தவுடன் மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ லைசன்ஸை மாற்றுவது நம்மிடையே பரவலாக இருக்கிற யோசனை. கவுன்சில்கள் இதைப் பலமுறை பார்த்துவிட்டன. கட்டுப்பாடு உண்மையில் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டால் நம்பிக்கை இன்னும் கெடும். பயிற்சிப் பதிவு, புதிய நடைமுறை, நீங்களே முன்வைக்கும் நிபந்தனைகள் ஆகியவற்றை விசாரணைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். விசாரணை அன்று கொண்டுபோகும் தாளை எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் பார்ப்பார்கள்.

சில சிறு விஷயங்கள். இரவு 11 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் சூடான உணவோ பானமோ விற்பதும் லைசன்ஸுக்கு உட்பட்டது; 11.15க்குக் கொத்து ரொட்டி பார்சல் கொடுக்கும் கடைக்கு மது இல்லாவிட்டாலும் இது பொருந்தும். பெற்றோல் நிலையம் முதன்மையாக கராஜாகப் பயன்படும் இடம் என்றால் மது விற்க முடியாது. கடைக்கு வருவோர் எத்தனை, பெற்றோலுக்கு மட்டும் வருவோர் எத்தனை என்ற டில் கணக்கை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். மண்டபத்தில் கல்யாணத்துக்கு இலவசமாக மது பரிமாறினால் லைசன்ஸ் வேண்டாம். ஆனால் பழைய மாணவர் சங்க இராப்போசன டிக்கெட்டில் ஒரு பியர் "இலவசம்" என்று போட்டால் அது விற்பனை. 21 பவுண் கட்டி, குறைந்தது 10 வேலைநாளுக்கு முன் தற்காலிக நிகழ்வு அறிவித்தல் கொடுங்கள். பணியாளரும் உட்பட 499 பேருக்கு மேல் கூடாது.

டாக்ஸி வேறு சட்டம், வேறு நோக்கு. லண்டனுக்கு வெளியே கவுன்சில்கள் 1847ஆம், 1976ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் லைசன்ஸ் கொடுக்கின்றன. லண்டனில் டிரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன். லண்டனின் உள்ளூர்க் கவுன்சில்களான பரோக்களுக்கு இதில் வேலையில்லை. முன்பதிவில் மட்டும் ஓடும் வாடகைக் காரான மினிகாப்புக்கு சாரதி (இதன் அடையாளம்தான் பேட்ஜ்), வாகனம், முன்பதிவு எடுக்கும் ஆபரேட்டர் ஆகிய மூன்று லைசன்ஸும் ஒரே அதிகாரசபையிடமிருந்து இருக்க வேண்டும். சாரதிக்குப் பொதுவாக 3 வருடம், ஆபரேட்டருக்கு 5, வாகனத்துக்கு 1.

விண்ணப்பத்தில் அதிகம் தடங்கும் இடம் குற்றப்பதிவுச் சான்று. பாடசாலை வேலைக்கு எடுத்த டிபிஎஸ் சான்று இதற்குச் செல்லாது. டாக்ஸிச் சாரதிக்கென்றே எடுத்த, பிள்ளைகள், பெரியவர்கள் இரு தடைப்பட்டியல்களும் சேர்ந்த உயர்நிலைச் சான்று வேண்டும். சான்று வழங்கப்பட்ட திகதியிலிருந்து 30 நாளுக்குள், அதன் தற்போதைய நிலையை இணையத்தில் காட்டும் அப்டேட் சேவையில் பதியுங்கள். தவறினால் மீண்டும் புதிய சான்று. கவுன்சில் 6 மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும் என்று 2020 ஜூலையில் வந்த அரசின் தரநிலைகள் சொல்கின்றன. 18 வயதுக்குப் பின் 3 மாதம் தொடர்ச்சியாக வெளிநாட்டில் இருந்தவரிடம் அந்த நாட்டின் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அகதியாக வந்தவர்கள் இலங்கைப் பொலிஸிடம் கேட்க முடியாத நிலையை எழுத்தில் விளக்கி, பதிலாக எதை ஏற்பீர்கள் என்று விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்திலேயே பதில் வாங்குங்கள். "காலம் கடந்துவிட்டது, சொல்லத் தேவையில்லை" என்று பழைய குற்றத்தை மறைப்பது பெரும் பிழை. டாக்ஸி லைசன்ஸில் காலங்கடந்த தீர்ப்புகளையும் கவுன்சில் பார்க்கலாம். குற்றத்தை விட மறைத்தது நேர்மையின்மையாக நின்றுவிடும். தரநிலைகளின்படி வன்முறைக்கு 10 வருடம், நேர்மையின்மைக்கும் மதுவில் ஓட்டியதற்கும் 7 வருடம், கையில் ஃபோனோடு ஓட்டியதற்கு 5 வருடம் கழிய வேண்டும். ஒரு கவுன்சிலின் மறுப்பும் ரத்தும் 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாக தேசியப் பதிவேட்டில் ஏறுகின்றன. பக்கத்து ஊரில் சொல்லாமல் விண்ணப்பிக்கலாம் என்ற காலம் போய்விட்டது.

மருத்துவச் சோதனை பெரும்பாலும் லொறிச் சாரதிகளின் தரத்தில் நடக்கும். நம்மவரிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்: இன்சுலின் போடத் தொடங்கினால் கார் ஓட்டும் லைசன்ஸ் கொடுக்கும் டிவிஎல்ஏக்கும், டாக்ஸி லைசன்ஸ் கொடுத்தவருக்கும் உடனே சொல்லுங்கள். நினைவகமுள்ள குளுக்கோமீட்டரின் 6 வாரப் பதிவைக் கேட்பார்கள். புதுப்பிக்கும் மாதத்தில் தொடங்கினால் வேலை நிற்கும். அதேபோல் புதுப்பிக்குமுன் வரித்துறையான எச்எம்ஆர்சியின் வரிச் சோதனைக் குறியீடு வேண்டும். அது 120 நாள்தான் செல்லும்.

முன்பதிவு இல்லாமல் தெருவில் கைகாட்டியவரை ஏற்றினால் இரண்டு குற்றம். ஒன்று முன்பதிவில்லாமல் ஏற்றக் கூடாது என்ற தடையை மீறியது. மற்றது காப்புறுதி இல்லாமல் ஓட்டியது, ஏனெனில் உங்கள் காப்புறுதி முன்பதிவுக்கு மட்டும். இரண்டாவதுக்கு 6 புள்ளி. கார் ஓட்டும் லைசன்ஸ் எடுத்து 2 வருடம் ஆகாதவருக்கு அந்த டிவிஎல்ஏ லைசன்ஸே போய்விடும். லண்டனுக்கு வெளியே மினிகாப் லைசன்ஸ் தட்டு பூட்டிய கார் எந்நேரமும் மினிகாப்தான். பேட்ஜ் இல்லாத மனைவி பிள்ளையைப் பாடசாலையில் விட ஓட்டினாலும் குற்றம். வழிகாட்டி நாயை மருத்துவ விலக்குச் சான்று இல்லாமல் மறுத்தால் 1,000 பவுண் வரை தண்டம், அதன் பின் பேட்ஜ் பற்றிய விசாரணை. வாகனத்தின் பாதுகாப்பையோ தோற்றத்தையோ பாதிக்கும் மோதல் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். கைது, குற்றச்சாட்டு, தீர்ப்பு என்றால் 48 மணி நேரம்.

பொதுப் பாதுகாப்பு என்று எழுதினால் கவுன்சில் பேட்ஜை அந்த நிமிடமே நிறுத்தலாம். அப்படி எழுதாவிட்டால் முடிவு 21 நாளுக்குப் பிறகுதான் அமலாகும். மேன்முறையீடு செய்தால் அது முடியும்வரை ஓட்டலாம். ஆகவே கடிதத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். வீட்டுக்கடன், பிள்ளைகளின் செலவு, ஒரே வருமானம் என்று வாதிடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 2002இல் லீட்ஸ் கவுன்சிலுக்கும் ஹுசைனுக்கும் இடையிலான வழக்கில் உயர் நீதிமன்றம், சாரதியின் சொந்தச் சூழ்நிலை இந்தக் கேள்விக்குப் பொருத்தமில்லை என்று சொல்லிவிட்டது. பயணி உங்களோடு பாதுகாப்பாக இருப்பார் என்பதற்கான ஆதாரம் வேண்டும்: டாஷ்கேம் பதிவு, ஆபரேட்டரின் முன்பதிவு விவரம், பயணத்தின் ஜிபிஎஸ் தடம். ஆபரேட்டர்கள் இவற்றை நெடுங்காலம் வைத்திருக்க மாட்டார்கள். முறைப்பாடு வந்த நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். கவுன்சிலுக்கு மன்றாட்டக் கடிதம் எழுதுவது மேன்முறையீடு ஆகாது. அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள், சனி ஞாயிறும் சேர்த்து.